பனிவெளி கடந்த நான்சன்

முகாமுக்குப் புறப்படும் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தால் அவர்தம் மனம் தெரியும். உறையோடு கூடிய புதுக்கத்தி இருக்கும். கைவிளக்கு இரண்டு இருக்கும். நனைந்தால் மாற்றிக்கொள்ளக் காலுறை இராது. கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் பொருள்கள் எல்லாம் தம்மிடம் இருந்தால்தான் காட்டில் பாதுகாப்பு என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். பெற்றோரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கித் தருகின்றனர். கத்தியும் கோடரியும் வேண்டா என்று நாம் கூறவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்க்குக் கத்தியின் அருமையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதைப் பற்றித் தம் இளமை முழுதும் ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியின்மேல் தம் உயிரையே வைத்துப் பார்த்த ஒருவரின் வரலாற்றைப் பிள்ளைகளும் பெற்றோரும் அறிதல் நன்று. அவர் நார்வே நாட்டைச் சேர்ந்த பிரித்யோவ் நான்சன்.

நார்வே ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர்நாடு. அதன் தலைநகர் இன்று ஒஸ்லோ. அந்நாளில் அதன் பெயர் கிறிஸ்டியானியா. அந்நகரின் அருகே 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் நான்சன் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். தாயார் பனிச்சறுக்கில் வல்லவர். பெண்கள் அவ்வாறு சறுக்கித் திரிவதை ஊரார் விரும்பாத காலத்திலும் அவர் அதனை விட்டாரில்லை. வீட்டின் பின்புறம் விரிந்து கிடந்த காட்டில்தான் மகன் வளர்ந்தார். கையில் உணவு அதிகமின்றிப் பல நாள் காட்டிலே தங்குவதும், மீன் பிடித்துத் தீமூட்டிச் சமைத்துண்பதும் அவருக்கு இளமையிலேயே பழகிப்போயின.

பல்கலைக்கழகத்தில் அவர் கற்றது விலங்கியல். 1882இல், கடல்நாய் வேட்டைக்குச் சென்ற கப்பல் ஒன்றில் ஏறி வடகடலைக் காணச் சென்றார். கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. தொலைவில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை தெரிந்தது. உட்பகுதி முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்ட அப்பெருந்தீவை யாரும் அதுவரை குறுக்கே கடந்ததில்லை. அதனைக் கடக்கும் எண்ணம் அங்கேதான் முளைத்தது. பின்னர் ஆறு ஆண்டுக் காலம் பெர்கன் நகர அரும்பொருளகத்தில் பணியாற்றி, நரம்புகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அப்பட்டம் பெற்ற சில நாள்களில் பயணம் புறப்பட்டார்.

ஏனையோர் எல்லாம் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து தொடங்கி, இயலாதபோது திரும்பி வந்திருந்தனர். நான்சனோ ஆளில்லாத கிழக்குக் கரையிலிருந்து தொடங்கினார். முன்னே மேற்கில் உணவும் வீடும் உண்டு; பின்னே ஒன்றுமில்லை. திரும்பிப் போவதற்கு வழியே இல்லை என்றால் கால் முன்னோக்கியே நடக்கும் என்பது அவர் கணக்கு. துணிவு என்று இதனைப் பாராட்டுவோர் பலர். உடன் சென்ற ஐவரின் உயிரும் அக்கணக்கில் அடங்கியிருந்தது என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும்.

அத்தகைய பயணத்தில் சுமை ஒவ்வொன்றும் நிறுத்துப் பார்க்க வேண்டியதாகும். அந்நாளில் இருந்த சறுக்கு வண்டிகள் கனத்தவை. குறுகிய அடிக்கட்டைகள் மென்பனியில் புதையும். நான்சன் தம் நாட்டு உழவர்கள் பயன்படுத்திய வண்டியைப் பார்த்து, பனிச்சறுக்குக் கட்டையைப் போன்ற அகன்ற அடிக்கட்டைகளைப் பொருத்தினார். ஆணி அடிக்கவில்லை, மூட்டுகளை வாரால் இறுக்கிக் கட்டினார். ஆணி அடித்த வண்டி மேடுபள்ளத்தில் மோதும்போது மரம் பிளக்கும். கட்டிய வண்டி வளைந்து கொடுக்கும். வண்டியின் எடை ஏறத்தாழ 12 கிலோதான். உறங்குவதற்குக் கலைமான் தோலால் ஆன பை இரண்டு. ஒரு பைக்குள் மூவர் படுத்தால் ஒருவர் உடற்சூடு மற்றவர்க்கு உதவும், எடையும் குறையும். உடன் வந்தவருள் இருவர், பால்டோ, ராவ்னா என்போர், வடக்கே கலைமான் வளர்க்கும் சாமி என்னும் பழங்குடியினர். பனியில் வாழத் தெரிந்தவரிடமே பாடம் கேட்க வேண்டும் என்பதில் நான்சன் என்றும் பிடிவாதமாக இருந்தார்.

1888 ஆகஸ்டுத் திங்களில் நடக்கத் தொடங்கினர். 2,700 மீட்டருக்கு மேல் ஏறினர். இரவில் குளிர் சுழியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டியது. அங்கே ஒரு குறை தெரிந்தது. உலர்ந்த இறைச்சியையும் கொழுப்பையும் சேர்த்துச் செய்யும் பயண உணவை விலைக்கு வாங்கியிருந்தனர். அதில் கொழுப்பு நீக்கப்பட்டிருந்தது. வயிறு நிறைய உண்டும் பசி தீரவில்லை. கொழுப்புக்காக உயிரே ஏங்கியது என்னும் நிலை. வண்டியின் மூட்டை எல்லாம் தம் கண்ணால் பார்த்தவர் உணவுப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த பயணத்தில் உணவு ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஆராய்ந்து எடுத்துச் சென்றார்.

மேற்குக் கரையை அடைந்தபோது இன்னொரு தடை. ஊர் போய்ச் சேர நீர்வழியே செல்ல வேண்டும், படகு இல்லை. கூடாரத்தின் தரைவிரிப்பாக இருந்த கித்தானை எடுத்தனர். ஓடைக்கரையில் வளர்ந்திருந்த கோணல்மாணலான செடிக்கம்புகளை வெட்டி வளைத்துச் சட்டம் செய்தனர். கித்தானை அதன்மேல் இழுத்துத் தைத்தனர். கவை போன்ற கம்புகளில் கித்தான் துண்டைக் கட்டி மூங்கில் கோலில் பொருத்த, துடுப்பும் ஆயிற்று. நான்சனும் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் என்பவரும் அதில் ஏறி, ஒழுகும் நீரை அள்ளி அள்ளி இறைத்தபடி, அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள் கோட்ஹாப் என்னும் ஊரை அடைந்தனர். இன்று நூக் எனப்படுவது அவ்வூர். ஏனைய நால்வரும் பின்னர் அழைத்து வரப்பட்டனர். அவ்வாண்டின் கடைசிக் கப்பல் ஏற்கெனவே புறப்பட்டு விட்டதால் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்க நேர்ந்தது. நான்சன் அதனை வீணாக்கவில்லை. இனுயிட் மக்களோடு பழகி, கயாக் என்னும் அவர்தம் தோல்படகைச் செலுத்தக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அக்கல்விதான் அவர் உயிரைக் காத்தது.

அடுத்து அவர் கருதியது வடதுருவம். சைபீரியாவுக்கு அப்பால் 1881இல் பனியில் நொறுங்கி மூழ்கிய ஓர் அமெரிக்கக் கப்பலின் பொருள்கள், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கியிருந்தன. அப்படியானால் பனியே நகர்ந்து அவற்றைச் சுமந்து வந்திருக்க வேண்டும். பொருளைச் சுமந்த பனி ஒரு கப்பலைச் சுமக்காதோ? பனியோடு போராடாமல் பனியின் மேலேயே அமர்ந்து செல்லலாம் என்று நான்சன் கூறினார். அறிஞர் பலர் நகைத்தனர். காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற்சிற்பி, பனி நெருக்கும்போது வழுக்கி மேலே எழும்பும் வண்ணம் வட்டமான அடிப்பகுதியுடன் ஒரு கப்பலைக் கட்டித் தந்தார். பிராம் என்பது அதன் பெயர். முன்னே என்பது பொருள். 1893 சூன் 24ஆம் நாள் புறப்பட்டு, 13 பேருடன், அவ்வாண்டு செப்டம்பரில் அது பனியில் உறைந்தது. பனி நெருக்கியது, கப்பல் எழும்பியது, உடையவில்லை. நகைத்தவர் கூற்றுப் பொய்த்தது.

ஆயினும் கப்பல் நேரே துருவத்துக்குச் செல்லவில்லை. ஒன்றரை ஆண்டு காத்திருந்த நான்சன், நாய்கள் இழுக்கும் வண்டியோடு நடந்தே செல்லத் துணிந்தார். துணைக்கு வந்தவர் யால்மர் யோகான்சன். முதன்முறை ஆறு வண்டிகளுடன் புறப்பட்டனர். வண்டி உடைந்து திரும்பினர். இரண்டாம் முறை நான்கு வண்டிகள், சுமை அப்போதும் மிகுதி, மீண்டும் திரும்பினர். 1895 மார்ச்சு 14ஆம் நாள் மூன்றாம் முறை புறப்பட்டபோது மூன்று வண்டிகள், இரண்டு கயாக், 28 நாய்கள். உலகிலேயே பயணப் பொருள்களைப் பற்றி மிகுதியாகச் சிந்தித்தவர்க்கும் மூன்றாம் முறைதான் மூட்டை சரியாக அமைந்தது என்பது நமக்கு ஆறுதல் தருகின்றது.

அம்மூட்டையில் இருந்த அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பனிவெளியில் குடிநீர் இல்லை. பனியை உருக்கினால்தான் நீர். எரிபொருளோ சுமந்து செல்ல வேண்டியது. நான்சன் அமைத்த சமையற்கலத்தில், நடுவே உணவு வேகும் பானை; அதனைச் சுற்றி வளையம்போல் இன்னொரு கலம்; மேலே மற்றொரு கலம்; எல்லாவற்றையும் மூடி ஓர் உறை. அடுப்பின் சூடு பானையைத் தொட்டு, பக்கங்களில் பரவி, மேலே சென்று, அதன் பின்னரே வெளியேறும். உணவு வேகும்போதே மற்றக் கலங்களில் பனி உருகிவிடும். அடுப்பு, சுவீடனில் அப்போது புதிதாக வந்திருந்த பிரைமஸ். காற்றடித்தால் நீலநிறத்தில் சீறி எரியும் மண்ணெண்ணெய் அடுப்பு முன்னாளில் தோட்டத்து வீடுகளிலும் இருந்தது. பாட்டிமாரைக் கேட்டால் கூறுவர். அதே இனத்து அடுப்புத்தான். ஏறக்குறைய 20 லிட்டர் மண்ணெண்ணெய் அவ்விருவர்க்கும் ஏறத்தாழ 120 நாள் வந்தது. நான்சன் அடுப்பு என்னும் பெயரோடு பின்வந்த துருவப் பயணிகளும் அதனைச் சுமந்து சென்றனர்.

அடுப்பில் வென்றவர் உடையில் தோற்றார். ஓநாய்த்தோல் உடைகள் வியர்க்கச் செய்கின்றன என்று அவற்றைக் கப்பலிலேயே விட்டு, கம்பளி உடையோடு வந்திருந்தனர். பகலில் உழைத்த வியர்வை கம்பளியில் ஊறி உறைந்தது. உடை இரும்புக் கவசம்போல் விறைத்தது. சட்டைக்கையின் விளிம்பு உராய்ந்து நான்சனின் மணிக்கட்டில் ஆழமான புண்ணை உண்டாக்கியது. தழும்பு பின்னும் மறையவில்லை. ஒவ்வோர் இரவும் உறங்கும் பைக்குள் நுழைந்து, உடற்சூட்டினால் உடையை உருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் நடுங்கிக் கிடப்பர்.

1895 ஏப்பிரல் 8ஆம் நாள் வடக்கே 86 பாகை 14 கலையை எட்டினர். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. முன்னே பனிப்பாறைகள் குவிந்து கிடந்தன. நான்சன் திரும்பினார். துருவத்தைத் தொடாமல் திரும்பியதே அவர் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த முடிவு என்பது நம் கருத்து. சில நாள்களில், களைப்பு மிகுதியால் சாவி கொடுக்க மறந்து, இருவர் கடிகாரமும் நின்றன. கடிகாரம் நின்றால் கிழக்கு மேற்கு எவ்வளவு என்று கணக்கிட இயலாது. எங்கே இருக்கின்றோம் என்பதே ஐயமாயிற்று.

நாய்களின் கதை துயரமானது. உணவு குறையக் குறைய ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு உணவாக்கினர். துப்பாக்கிக் குண்டை வீணாக்க இயலாமையால் கத்தியையே பயன்படுத்தினர். தமக்காக உழைத்த உயிர்க்கு இக்கொடுமை செய்தோமே என்னும் வருத்தம் நான்சனை விட்டு நீங்கவில்லை. கடைசியில் எஞ்சியவை இரண்டு. கடலோரத்தை அடைந்ததும் அவற்றையும் இழக்க வேண்டி வந்தது. தம் நாயைத் தாமே கொல்ல மனம் வராமல், ஒருவர் நாயை மற்றவர் சுட்டனர். அன்று மட்டும் குண்டைச் செலவிட்டனர்.

பிரான்சு யோசப்புத் தீவுகளை அடைந்தபோது மீண்டும் குளிர்காலம் நெருங்கிவிட்டது. தங்க வீடு வேண்டும். கையில் மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை. வண்டியின் உடைந்த அடிக்கட்டையைக் கடப்பாரையாகக் கொண்டு கல் பெயர்த்தனர். வால்ரஸ் என்னும் பெருந்தந்தமுள்ள கடல்விலங்கின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்ட, அது மண்வெட்டியாயிற்று. அதன் தந்தத்தைக் குறுக்குக் கட்டையில் கட்ட, அது களைக்கொத்தாயிற்று. கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பெரிய மரத்துண்டை முகட்டுக்கு எடுத்தனர். இருந்த ஒரே சிறுகோடரியால் அதனை வெட்டி முடிக்க யோகான்சன் நெடுநேரம் பாடுபட்டார். கல்லால் சுவர், பாசியால் இடுக்கடைப்பு, வால்ரஸ் தோலால் கூரை. ஏறத்தாழ 10 அடி நீளம், 6 அடி அகலம். லயத்து வீட்டின் ஓர் அறையளவும் இல்லை. அதற்குள் எட்டுத் திங்கள் வாழ்ந்தனர். உணவு பனிக்கரடி இறைச்சி. விளக்குக்கு எண்ணெய் வால்ரஸ் கொழுப்பு. மாற்றுடை இல்லை. உடையில் ஊறிய கொழுப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்து, அதனையும் விளக்கிலே எரித்தனர். கயிற்றைப் பிரித்து நூலாக்கிக் கிழிந்த உடையைத் தைத்தனர். ஒரே பையில் உறங்கிய அவ்விருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் நீங்கள் என்றே அழைத்து வந்தனர் என்றும், 1895ஆம் ஆண்டின் கடைசி இரவில்தான் நீ என்று அழைக்க உடன்பட்டனர் என்றும் கூறுவர்.

1896 மே மாதம் மீண்டும் புறப்பட்டனர். சூன் 12ஆம் நாள் நிகழ்ந்ததைப் பிள்ளைகள் கவனித்துப் படிக்க வேண்டும். இரண்டு கயாக்குகளையும் ஒன்றாகப் பிணைத்து, பனிவிளிம்பில் தோல்வாரால் கட்டிவிட்டு, வழி பார்ப்பதற்காக இருவரும் ஒரு பனிமேட்டில் ஏறினர். வார் அறுந்தது. காற்று கயாக்குகளை விரைந்து தள்ளிச் சென்றது. உணவு, துப்பாக்கி, குண்டு, அடுப்பு, கோடரி எல்லாம் அவற்றில் இருந்தன. கரையில் நின்றவர் கையில் ஒரு கத்திகூட இல்லை. இத்தனை ஆண்டு நிறுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொருள்கள் அனைத்தும் கண்ணெதிரே மிதந்து போயின. அவை போனால் இருவர்க்கும் சாவு உறுதி.

நான்சன் கடிகாரத்தை யோகான்சனிடம் கொடுத்தார், மேலுடையில் சிலவற்றைக் களைந்தார், பனிநீரில் குதித்தார். கயாக்குகள் அவர் நீந்துவதைவிட விரைவாகச் சென்றன. கைகால் மரத்தன. களைத்தபோது மல்லாந்து கிடந்து நீந்தினார். கரையில் யோகான்சன் ஒன்றும் செய்ய இயலாமல் முன்னும் பின்னும் நடந்தார். இறுதியில் நான்சன் கயாக்கை எட்டிப் பிடித்தார், ஏற முயன்றார், உடல் விறைத்துவிட்டதால் இயலவில்லை. கயாக்கின்மேல் கிடந்த வண்டியின் விளிம்பில் ஒரு காலை எப்படியோ மாட்டி ஏறிவிட்டார். நனைந்த உடையோடு காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வரும் வழியில், நீரில் இரண்டு பறவைகளைக் கண்டு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். நண்பருக்கு அறிவு கலங்கிவிட்டது என்று யோகான்சன் அஞ்சினார். நான்சனோ இரவு உணவைத் தேடிக்கொண்டிருந்தார்!

மூன்று நாள் கழித்து ஒரு வால்ரஸ் தாக்கி நான்சனின் கயாக்கைக் கிழித்தது. கரையில் ஏற்றிச் செப்பனிட்டனர். மீண்டும் புறப்பட இருந்த சூன் 17ஆம் நாள் எங்கோ நாய் குரைக்கும் ஒலி கேட்டது. அத்தீவில் தங்கி ஆராய்ந்து வந்த பிரெடரிக் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயர் எதிரே வந்தார். புகையும் கொழுப்பும் படிந்து, நீண்ட தலைமயிரோடு நின்ற மனிதர் நான்சன் என்று அவர்க்கு முதலில் தெரியவில்லை. தெரிந்தபின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆகஸ்டு 13ஆம் நாள் இருவரும் நார்வே மண்ணை மிதித்தனர். ஒரு கிழமைக்குள் பிராம் கப்பலும் எஞ்சிய 11 பேருடன் நலமாகத் திரும்பியது. மூன்று ஆண்டுப் பயணத்தில் ஓருயிரும் இழக்கப்படவில்லை.

இத்துடன் நான்சன் வரலாற்றை முடிப்போர் உளர். நாம் முடிக்க விரும்பவில்லை. முதல் உலகப்போர் முடிந்தபின், உலக நாடுகள் கழகம் 1920இல் போர்க்கைதிகளைத் தாயகம் சேர்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர் முயற்சியால் வீடு திரும்பினர். உருசியாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது ஊர் ஊராகச் சென்று உதவி கேட்டார். 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டிலேயே அவர் செய்த இன்னொரு செயல் நம் தோட்ட மக்களுக்கு எளிதில் விளங்கும். போராலும் புரட்சியாலும் நாடிழந்த இலட்சக்கணக்கான உருசிய மக்கள் ஐரோப்பா எங்கும் சிதறிக் கிடந்தனர். எந்த நாட்டுக் குடிமக்கள் என்று காட்ட அவர்களிடம் ஒரு தாளும் இல்லை. தாள் இல்லையேல் எல்லை கடக்க இயலாது. எல்லை கடவாமல் வேலை இல்லை. பிறப்புப் பத்திரம் இன்றிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்து நின்ற தாயின் முகத்தையும், நீல அடையாள அட்டைக்காக முதுமைவரை காத்திருந்த பெரியவர்களையும் நாம் அறிவோம். அவர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. நான்சன் அந்நாடிலிகளுக்கென ஓர் அடையாளத் தாளை வகுத்தார். நாடுகளைக் கேட்டு இணங்கச் செய்தார். பின்னர் ஆர்மீனியர் முதலிய பிறர்க்கும் அது வழங்கப்பட்டது. காலப்போக்கில் 50க்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றன. ஏறத்தாழ 4 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அதனைப் பெற்றனர். நான்சன் கடவுச்சீட்டு என்பது அதன் பெயர். அதன்மேல் ஒட்டும் வில்லையில் அவர் உருவமே அச்சிடப்பட்டது. பனிக்கரையில் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற அந்த நாளை நினைத்துத்தான் அவர் இதனைச் செய்தார் என்று நாம் கூற இயலாது. ஆனால், கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது எத்தகையது என்பதைக் கண்டவர் அவர்.

1930 மே 13ஆம் நாள் ஒஸ்லோவின் அருகே தம் இல்லத்தில் நான்சன் காலமானார். நார்வே நாட்டின் தேசிய நாளான மே 17இல் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அவர் தொடங்கிய ஏதிலியர் பணியைத் தொடர அவர் பெயரால் அமைந்த அலுவலகம் 1938இல் தானும் ஒரு நோபல் பரிசைப் பெற்றது. பிராம் கப்பல் ஒஸ்லோ அரும்பொருளகத்தில் நிற்கின்றது. இன்றும் அதன் உள்ளே ஏறிப் பார்க்கலாம்.